பதற்றத்துக்குக் கவுன்சிலிங்: முதல் போனில் இருந்து நான்காவது அமர்வு வரை

கவுன்சிலிங் அறைக்கு யாரும் நேராக வந்து சேர்வதில்லை. நெஞ்சு படபடப்புக்கு ஒரு இ.சி.ஜி., தலைச்சுற்றலுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர், வயிற்றுக் கலக்கத்துக்கு எண்டோஸ்கோபி, நடுவில் ஜாதகம், குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல். எல்லாம் முடிந்த பிறகு யாராவது "எதுக்கும் ஒரு கவுன்சிலிங் போய்ப் பாரேன்" என்பார்கள். அப்புறமும் யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு ஆகும், போய் என்ன பேசுவது, வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தே இன்னும் இரண்டு மாதம் ஓடிவிடும்.

அந்த இரண்டு மாதத்தைக் குறைக்கத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் இருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். இதில் என் கட்சி ஒன்றுதான்: ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள். கேள்வி கேட்கலாம், ஒத்துவராவிட்டால் மாறலாம். முதல் நான்கு அமர்வில் அவர் உங்களைப் புரிந்துகொள்ளப் பார்ப்பார். அதே நேரத்தில் நீங்களும் அவரை எடைபோட வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். செத்துவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு வழி யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால், ஆற அமர ஆலோசகர் தேடும் நேரம் இதுவல்ல. 14416-ஐ இப்போதே அழையுங்கள். கட்டணமில்லாத எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்கள் 1926-ஐ அழைக்கலாம். முடிந்தால் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் பல குடும்பங்கள் இதை மறைக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆவது பிரிவில், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவரைத் தண்டிப்பதற்கு அந்தப் பிரிவு இடம் கொடுக்கவில்லை.

படி 1: போகும் அளவுக்கு இருக்கிறதா?

"இதுக்கெல்லாமா போவாங்க?" என்ற கேள்விதான் முதல் தடை. இன்டர்வியூவுக்கு முதல் நாள் தூக்கம் வராதது யாருக்கும் நடப்பதுதான். கவனிக்க வேண்டியது மூன்று: எத்தனை வாரமாக இருக்கிறது, வேலையிலும் தூக்கத்திலும் சாப்பாட்டிலும் எவ்வளவு கை வைக்கிறது, அதற்குப் பயந்து எதையெல்லாம் தவிர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். மூன்றாவதுதான் துல்லியமான அளவுகோல் என்பேன். லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறுவது, மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைப்பது, தெரியாத எண்ணில் இருந்து போன் வந்தால் எடுக்காமல் விடுவது, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிடுவது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். மாதாமாதம் பட்டியல் நீண்டுகொண்டே போனால் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எண்ணாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஜி.ஏ.டி.-7 என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 2006-இல் வெளியானது, உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 21. 5 முதல் லேசான பதற்றம், 10 முதல் நடுத்தரம், 15 முதல் கடுமை. 10-ஓ அதற்கு மேலோ வந்தால் ஒருவரைப் பார்ப்பது நல்லது. இது வடிகட்டி மட்டும்தான். 14 வந்துவிட்டது, எனக்கு நோய் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

வாழ்க்கை மாற்றங்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. கெட்டது நடந்தால் ஆறுதல் சொல்ல ஊரே வரும். நல்லது நடந்து மனசு கலங்கினால் யாருக்கும் புரியாது. 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளை எடுத்து, எது மனிதனை எவ்வளவு அசைக்கிறது என்று புள்ளி போட்டார்கள். துணையை இழப்பதற்கு 100. வேலை பறிபோவதற்கு 47. கல்யாணத்துக்கு? 50. பணி ஓய்வுக்கு 45, கர்ப்பத்துக்கு 40. அமெரிக்கப் புள்ளிகள் நமக்கு அப்படியே பொருந்தாது. பெண் வீட்டைவிட்டுப் போய் இன்னொரு குடும்பத்துக்குள் நுழையும் நம் ஊர்க் கல்யாணத்துக்கு இன்னும் கூட்டித்தான் போட வேண்டியிருக்கும். "நல்ல காரியம்தானே நடந்திருக்கு, எதுக்கு அழுவுற?" என்று கேட்பவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

படி 2: உடம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் கெடும். ரத்தசோகையும் படபடப்பைக் கொண்டுவரும். பி12 குறைபாடு சோர்வையும் மனநிலை மாற்றத்தையும் தரும். இவற்றைப் பார்க்காமல் ஆறு மாதம் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. குடும்ப மருத்துவரிடம் போய் டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சுவலி இருந்தால் இ.சி.ஜி.யும் எடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை காபி, டீ, எனர்ஜி டிரிங்க் என்றும் நேர்மையாக எண்ணிப் பாருங்கள். காஃபீனின் படபடப்பும் பதற்றத்தின் படபடப்பும் உடம்புக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

எல்லாம் நார்மல் என்று வந்தால் பரிசோதனைகளை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பேனிக் அட்டாக் (திடீரென்று பொங்கி வரும் கடும் பயம்) வந்தவர்கள் மாறி மாறி இதய மருத்துவர்களைப் பார்ப்பதும், ஒவ்வொரு முறையும் "ஒண்ணுமில்ல, கேஸ்தான்" என்று கேட்டுத் திரும்புவதும் நம் ஊரில் சாதாரணம். பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டுத் தானாக இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது உயிர் போவது போலவே இருக்கும். அதனால்தான் நார்மல் ரிப்போர்ட்டில் கிடைக்கிற நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை.

படி 3: யாரிடம் போவது?

அதிகக் குழப்பம் இங்கேதான், ஏமாற்றமும் இங்கேதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவார். பேச்சு சிகிச்சையும் சிலர் செய்வார்கள், ஆனால் அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், டாக்டர் படிப்பு படித்தவர் அல்ல. மருந்து எழுத முடியாது. உளவியல் முதுகலைக்கு மேல் மருத்துவமனைப் பயிற்சியோடு எம்.ஃபில். போன்ற படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருப்பார். ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பதிவு எண் என்ன என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

மனநல சமூகப் பணியாளர்கள் பெரும்பாலும் மருத்துவமனைகளில் இருப்பார்கள். குடும்பச் சூழல், வேலை, அரசு உதவி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி அவர்களுக்கு உண்டு. வெளியே அதிகம் பேசப்படாவிட்டாலும் நம் ஊர்க் குடும்பச் சிக்கல்களுக்குப் பல நேரம் இவர்கள்தான் சரியான ஆள்.

கடைசியாக ஆலோசகர்கள். இதில்தான் ஏற்றத்தாழ்வு அதிகம். கவுன்சிலிங் சைக்காலஜியில் இரண்டு வருடம் எம்.எஸ்சி. படித்து, மேற்பார்வையில் பயிற்சி பெற்ற திறமைசாலிகள் இருக்கிறார்கள். வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு முடித்துவிட்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2021-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அது முழு வீச்சில் நடைமுறைக்கு வரும்வரை சரிபார்க்கும் வேலை உங்களுடையது. லைஃப் கோச், ஹீலர், ஆழ்மன நிபுணர் என்று போர்டு இருந்தால் என்ன படிப்பு, எங்கே பயிற்சி என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

அன்றாட வேலை ஓடுகிறது, ஆனால் பதற்றமும் கவலையும் பிடுங்குகிறது என்றால் பயிற்சி பெற்ற ஆலோசகரோ மருத்துவ உளவியலாளரோ போதும். நாள் கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு நின்றுவிட்டது, இல்லாத குரல் கேட்கிறது, குடி கட்டுக்குள் இல்லை, குழந்தை பிறந்த சில வாரங்களில் தாய் குழந்தையைக்கூடப் பார்க்க மறுக்கிறாள் என்றால் முதலில் மனநல மருத்துவர். பேச்சு சிகிச்சையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

படி 4: எங்கே, எவ்வளவு?

காசில்லாமல் தொடங்க 14416 போதும். டெலி மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கிய சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் நிபுணருக்கு மாற்றுவார், பக்கத்தில் எங்கே போகலாம் என்றும் சொல்வார். முகம் காட்டாமல் பேசிப் பழகவும் இது நல்ல இடம்.

நேரில் போக, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், குறிப்பிட்ட நாட்களில் சில தாலுகா மருத்துவமனைகளிலும் பார்க்கிறார்கள். எந்த நாள் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் வேர்கொண்டது. நம் சினிமா அந்தப் பெயரைக் கேலிப்பொருளாக்கி வைத்திருப்பதால் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. அங்கேயும் புறநோயாளர் பிரிவு உண்டு. சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, அன்றைக்கே வீடு திரும்பலாம்.

தனியாரில் ஓர் அமர்வுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி, பெருநகரங்களில் இரண்டாயிரத்தைத் தாண்டியும் வாங்குகிறார்கள். ஓர் அமர்வு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், வாரம் ஒன்று. மாதம் நான்கு என்று கணக்குப் போட்டு, மூன்று மாதத்துக்குத் தாங்குமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு அமர்வோடு காசில்லாமல் நிறுத்துவதைவிட, கட்டணம் குறைவான இடத்தில் பத்து அமர்வு போவது மேல். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். மனநோயையும் உடல்நோய் போலவே காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தரும். வாராவாரம் போகும் கவுன்சிலிங்குக்குக் கைக்காசுதான். ஐ.டி. நிறுவனத்தில் இருந்தால் ஊழியர் நலத் திட்டத்தில் சில அமர்வுகள் இலவசமாக இருக்கலாம். எச்.ஆருக்கு என்ன தகவல் போகும் என்பதை மட்டும் முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை: இருக்கிற ஒரே ஆலோசகர் மாமாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். பக்கத்து ஊரைப் பாருங்கள், இல்லை ஆன்லைனில் தேடுங்கள். பெண் ஆலோசகர்தான் வேண்டும், என் வயதுக்கு மூத்தவர் வேண்டும் என்றெல்லாம் விரும்புவது தப்பே இல்லை. சென்னையில் பலர் ஆங்கிலத்தில் பயிற்சி பெற்றவர்கள். பேச்சும் பாதியில் ஆங்கிலத்துக்குப் போய்விடும். கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீர்களோ அந்த மொழியில் பேச முடிகிற ஆளாகப் பாருங்கள்.

படி 5: முதல் போன்

இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து மூவருக்குமே பேசுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். இப்படிக் கேட்டால் போதும்:

"வணக்கம் மேடம். நாலு மாசமா பதட்டம் அதிகமா இருக்கு, கவுன்சிலிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அஞ்சு நிமிஷம் பேசலாமா? நீங்க என்ன படிச்சிருக்கீங்க, பதட்டத்துக்கு எந்த முறையில பண்ணுவீங்க? முழுக்கத் தமிழ்லயே பேசலாமா? ஒரு செஷன் எவ்வளவு நேரம், ஃபீஸ் எவ்வளவு? வர முடியலன்னா எவ்வளவு முன்னாடி சொல்லணும்?"

பதிலைவிடப் பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். நல்ல ஆலோசகர் பொறுமையாகச் சொல்வார், தனக்குப் பழக்கமில்லாத பிரச்சினை என்றால் வேறொருவரைச் சொல்வார். "எல்லாத்தையும் மூணே செஷன்ல சரி பண்ணிடலாம்" என்றாலோ, இருபது அமர்வுக்கான பேக்கேஜை முன்பணமாகக் கட்டச் சொன்னாலோ அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

படி 6: வீட்டில் சொல்வதா?

18 வயது ஆனவர் என்றால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொன்னால் உதவுவார் என்று நம்பும் ஒருவரிடம் சொல்வது நல்லது. அம்மாவிடம் சொல்வதாக இருந்தால் "எனக்கு மனநோய்" என்று தொடங்க வேண்டாம். "தூக்கமே வரமாட்டேங்குதும்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஒரு டாக்டர்கிட்ட பேசிட்டு வரேன்" என்றால் பேச்சு சண்டையில் முடியாது. கோயிலுக்குப் போகச் சொன்னால் போய்விட்டு வாருங்கள். அதற்கும் இதற்கும் போட்டி எதுவும் இல்லை.

ரகசியம் பற்றித் தெளிவாக இருங்கள். மனநல மருத்துவர், பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் போன்றோர் உங்கள் தகவலை வெளியிடக் கூடாது என்று 2017 சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. மற்ற ஆலோசகர்களுக்கு அது தொழில் அறம். இதற்கு விலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவருவது. கடைசியதை போக்சோ சட்டப்படி அவர் புகார் செய்தே ஆக வேண்டும். இதையெல்லாம் முதல் அமர்வில் அவராகவே விளக்குவார். விளக்காவிட்டால் கேளுங்கள்.

கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டு ஆன்லைனில் பேசுபவர்களுக்கு இடம்தான் பிரச்சினை. மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், ஆபீசில் ஆளில்லாத மீட்டிங் அறை என்று எல்லா வழிகளையும் மக்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். இயர்போன் கட்டாயம். யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு வார்த்தையை ஆலோசகரோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: முதல் அமர்வு

முதல் நாள் பெரும்பாலும் தகவல் திரட்டுவதுதான். எப்போதிருந்து, எப்படித் தொடங்கியது, தூக்கம், பசி, வேலை, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, மது, மாத்திரை, பழைய நோய். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்றும் கேட்பார்கள். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது. கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது, உண்மையைச் சொல்லுங்கள்.

என்ன பேசுவது என்ற பயம் இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள். என்ன நடக்கிறது, எதனால் இப்போது வந்தேன், மூன்று மாதம் கழித்து எது மாறியிருக்க வேண்டும். "மீட்டிங்னா வயித்தைக் கலக்குது. போன வாரம் லீவு போட்டுட்டேன், அதான் வந்தேன். டீம் முன்னாடி அஞ்சு நிமிஷம் பேச முடிஞ்சாப் போதும்." இதைப் படித்துக் காட்டினாலே பேச்சு தொடங்கிவிடும். எடுத்த மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துப் போங்கள். அழுகை வந்தால் வரட்டும். அந்த அறைக்கு அது புதிதல்ல. சொல்லப் பிடிக்காததை "இப்போ வேண்டாம்" என்று ஒதுக்கி வைக்கலாம். கூட வந்தவர் அறைக்குள் வர வேண்டுமா என்பதும் உங்கள் முடிவுதான். அவர் உள்ளே வந்தாலும் கடைசிப் பதினைந்து நிமிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

படி 8: உள்ளே என்னதான் நடக்கும்?

"வெறுமனே பேசினா என்ன ஆகும்?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். கோவையில் இருந்து சென்னை ஓ.எம்.ஆருக்கு வேலைக்கு வந்த 26 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை மேனேஜரிடம் இருந்து "கொஞ்சம் பேசணும்" என்று ஒரு மெசேஜ். உடனே அவள் மனதில் "வேலை போச்சு". கை நடுங்குகிறது, வியர்க்கிறது. தலைவலி என்று சொல்லி லீவு போடுகிறாள். அடுத்த பத்து நிமிடத்தில் படபடப்பு இறங்கிவிடுகிறது. இங்கேதான் சிக்கல். ஓடினால் நிம்மதி கிடைக்கும் என்று அவள் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. தவிர்ப்பதால் கிடைப்பது வட்டிக்கு வாங்கிய நிம்மதி; அடுத்த திங்கட்கிழமை பயமாக வட்டியோடு திரும்பி வரும்.

ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் வடிவமைத்த சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் பேச்சு சிகிச்சை) முறை இந்தச் சங்கிலியைத்தான் கணு கணுவாகப் பிரிக்கிறது: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, உடம்பு என்ன செய்தது, நான் என்ன செய்தேன். வாரம் முழுக்க அவள் ஒரு நோட்டில் இந்த நான்கையும் எழுதி வருவாள். "வேலை போச்சு" என்பதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம், முன்பு இப்படி மெசேஜ் வந்தபோது கடைசியில் என்ன நடந்தது என்று ஆலோசகர் கேட்பார். "பாசிட்டிவா நினைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவது இந்த முறையில் இல்லை. சொன்னால் அவருக்கு இந்த முறை தெரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, தவிர்த்ததை நோக்கிச் சின்னச் சின்னப் படிகள். முதல் வாரம் தோழியான சக ஊழியரிடம் ஒரு சந்தேகம் கேட்பது. பிறகு மீட்டிங்கில் ஒரு வரி. பிறகு மேனேஜருக்குத் தானே போன் செய்வது. ஒவ்வொன்றிலும் பதற்றம் ஏறும்வரை இருந்து, தானாக இறங்கும்வரை ஓடாமல் நிற்க வேண்டும். பேனிக் அட்டாக்குக்கு இன்னும் விசித்திரமான பயிற்சி உண்டு. அறையிலேயே நின்ற இடத்தில் ஓடச் சொல்லி, வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க வைப்பார்கள். படபடப்பு வந்தும் எதுவும் ஆகவில்லை என்பதை உடம்பு நேராகப் பார்க்க வேண்டும் என்பதற்காக. (இதயக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.) இதனால்தான் சி.பி.டி.யில் அமர்வைவிட இரண்டு அமர்வுக்கு நடுவில் வரும் ஆறு நாள் முக்கியம். வீட்டுப்பாடம் செய்யாமல் வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வந்தால் மனசு லேசாகும், பதற்றம் இருக்கிற இடத்திலேயே இருக்கும். பதற்றத்துக்கு வழக்கமாக 12 முதல் 20 அமர்வு வரை ஆகும்.

வாழ்க்கை மாற்றங்களில் வேலை வேறு மாதிரி. 35 வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றவர் ஓய்வு பெற்ற மறுநாள் காலை எட்டு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் நினைப்பில் தப்பு எதுவும் இல்லை, திருத்தவும் எதுவும் இல்லை. இழந்தது உண்மையான இழப்பு. சம்பளமா, மரியாதையா, பேச ஆளா, நாளுக்கு ஓர் ஒழுங்கா, இதில் எது அதிகமாக வலிக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. பேச ஆள் இல்லாததுதான் வலி என்றால் மாலை நடைக்கு நண்பர்கள் வேண்டும். மரியாதை என்றால் டியூஷனோ சங்கப் பொறுப்போ வேண்டும். மகன் கனடா போன வீடு, கல்யாணமாகி ஊர் மாறிய பெண், வேலை போன நாற்பது வயதுக்காரர் எல்லோருக்கும் இதே பிரித்துப் பார்க்கும் வேலைதான். இரண்டாவது வேலை, வலியையும் முடிவையும் பிரித்து வைப்பது. துக்கம் நடந்த மாதத்தில் வீட்டை விற்பது, சண்டை நடந்த வாரத்தில் வேலையை விடுவது போன்ற முடிவுகளை ஆறப்போட ஆலோசகர் உதவுவார். விவாகரத்து செய்யவா வேண்டாமா என்று மட்டும் அவரிடம் பதில் எதிர்பார்க்காதீர்கள். சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 9: நான்காவது அமர்வில் கணக்குப் பாருங்கள்

முதல் சில வாரங்களில் அமர்வு முடிந்து வரும்போது மனசு கனமாக இருப்பது சகஜம். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நான்காவது அமர்வில் நீங்களே பேச்சை எடுங்கள்: "மேடம், நாம எதை நோக்கிப் போறோம், எவ்வளவு தூரம் வந்திருக்கோம்?" ஜி.ஏ.டி.-7-ஐ மறுபடி நிரப்பிப் பழைய மதிப்பெண்ணோடு வைத்துப் பாருங்கள். எண் அப்படியே இருந்தாலும், இலக்கு தெளிவாகியிருக்கிறது, அவர் என்னைப் புரிந்துகொள்கிறார் என்று தோன்றினால் தொடருங்கள். எந்த முறை என்பதைவிட இருவருக்கும் நடுவில் உள்ள நம்பிக்கை பலனை எவ்வளவு பாதிக்கிறது என்பது இந்தத் துறையில் பல காலமாகத் தெரிந்த விஷயம்.

நான்காவது அமர்வுவரைகூடக் காத்திருக்காமல் எழுந்து வந்துவிட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. சாதி, மதம், உடை, காதல் பற்றித் தீர்ப்புச் சொல்வது. "கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" என்பது. உங்களைக் கேட்காமல் அப்பாவுக்குப் போன் செய்வது. தன் சொந்தக் கதையையே சொல்லிக்கொண்டிருப்பது. மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்வது. தொடுவது, இரவில் தேவையில்லாத மெசேஜ் அனுப்புவது. கடைசியது நடந்தால் ஸ்க்ரீன்ஷாட்டோடு புகார் செய்யுங்கள்.

ஒத்துவரவில்லை, ஆனால் தப்பும் எதுவும் நடக்கவில்லை என்றால் ஒரு மெசேஜ் போதும்: "இதுவரைக்கும் உதவினதுக்கு நன்றி. வேற ஒருத்தரைப் பார்க்கலாம்னு முடிவு பண்ணியிருக்கேன். இதுவரை பேசினதைச் சுருக்கமா எழுதித் தர முடியுமா?" மனசு புண்படுமே என்று நம்மவர்கள் சொல்லாமலே காணாமல் போய்விடுவார்கள். அதைவிட இது இருவருக்கும் நல்லது. புது ஆலோசகரிடம் அந்தச் சுருக்கத்தைக் கொடுத்தால் முதல் நாள் கதையை மறுபடி முழுதாகச் சொல்ல வேண்டியிருக்காது.

படி 10: மாத்திரை சொன்னால்

பேச்சோடு மாத்திரையும் சேர்ந்தால் நல்லது என்று மருத்துவர் சொன்னால் உடனே பயப்பட வேண்டாம். பதற்றத்துக்கு வழக்கமாக எழுதும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை போதை மருந்துகள் அல்ல. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். சொல்லாமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போன்ற உடனடி நிம்மதி தரும் மாத்திரைகள்தான் பழக்கமாகிவிடும் ரகம். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

நிறுத்தும் காலம்

இலக்கு எட்டிவிட்டது என்று இருவருக்கும் தோன்றும்போது வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று தள்ளிக்கொண்டே போவார்கள். கடைசி அமர்வில் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: பதற்றம் திரும்புவதற்கு உங்கள் விஷயத்தில் முதல் அறிகுறி எது, அப்போது முதல் வாரத்தில் என்ன செய்வது, எந்த நிலைக்கு வந்தால் அவரை மறுபடி அழைப்பது. உங்கள் பதிவுகளை எங்கே, எத்தனை காலம் வைத்திருப்பார் என்றும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். வருடம் கழித்து ஊர் மாறினாலோ குழந்தை பிறந்தாலோ மறுபடி கலங்குவது இயல்பு. பழைய ஆலோசகரையே அழைத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று அமர்வில் முடிந்துவிடும், ஏனென்றால் கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும்.